நாற்காலி இல்லாத இடம்

ஜூன் 4, செவ்வாய்

படம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஐம்பத்தேழு வயதில் இதென்ன கூத்து என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் "லைப்ரரிக்குப் போயிட்டு வரேனுங்க" என்றேன். "ம்" என்றார். பார்வை என் முகத்தில் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில், சுவரில் இருந்தது. கொஞ்ச நாளாக அப்படித்தான்.

லைப்ரரி மாடியில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் வகுப்பு. சொல்லிக்கொடுக்கும் பெண் நஸ்ரின் என் மகளைவிடச் சின்னவள். பெரியவர்கள் நாங்கள் நாலு பேர். ஒரு கம்பி நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டு வரையச் சொன்னாள். நான் வரைந்தது பாத்திரக்கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி இருந்தது. நஸ்ரின் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

உண்மையைச் சொன்னால் படம் ஒரு சாக்கு. வாரத்தில் இரண்டு காலையாவது இந்த வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அப்புறம் மொத்தமாகவே வெளியே போய்விடுவேன். ஓசூரில் இருக்கும் மகள் சுகந்தி, "பாப்பாவப் பாத்துட்டு இங்கயே இரும்மா" என்று தினமும் கூப்பிடுகிறாள். ஆடியில் இடம் மாறக் கூடாது, அதனால் ஆனி முடிவதற்குள் கிளம்ப வேண்டும். போனால் திரும்பி வருவதாக இல்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

காரணத்தை எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு நானே மறந்துபோய் மன்னித்துத் தொலைக்கக் கூடாது.

போன மாசம் என் அண்ணன் தங்கமுத்து புது வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தார். கையில் தட்டு, அதில் பழமும் வெற்றிலை பாக்கும். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இவர் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டில் இருப்பவர் "வாங்க" என்று கேட்காமல் யாரும் உள்ளே வர மாட்டார்கள், வந்தவர் தானாக முதலில் வாய் திறப்பதும் கிடையாது. அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இவர் நேருக்கு நேர் அவரைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். அண்ணன் தட்டோடு திரும்பிப் போய்விட்டார். எல்லாவற்றையும் பார்த்த எதிர்வீட்டு வசந்தாமணி வந்து சொன்னாள்.

"எங்கண்ணன வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டா உங்க வாயில முத்தா உதுந்துரும்?" என்று கேட்டேன்.

"யாரும் வர்லியே" என்றார்.

பொய்யை இத்தனை அமைதியாகச் சொல்ல இவருக்கு வரும் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அண்ணன் இப்போது என் போனை எடுப்பதில்லை. புது வீட்டு விசேஷம் நான் இல்லாமலே முடிந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

இன்று நஸ்ரின் ஒரு வினோதம் சொன்னாள். "அம்மா, நீங்க நாற்காலிய வரையாதீங்க. நாற்காலி இல்லாத எடத்த வரைங்க."

எனக்குப் புரியவில்லை. கிட்ட வந்து கையால் காட்டினாள். முதுகுக் கம்பிகளுக்கு நடுவில் தெரியும் சுவர் ஒரு துண்டு. கைப்பிடிக்குக் கீழே ஒரு துண்டு. கால்களுக்கு நடுவில் தரை. அந்தத் துண்டுகளை மட்டும் பார்த்து, அவற்றின் ஓரத்தை வரைய வேண்டுமாம். "நாற்காலின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதனால பாக்காமயே வரையறீங்க. சந்து எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அதப் பாத்துத்தான் ஆகோணும்."

ஒரு துண்டு உடைந்த அப்பளம் மாதிரி இருந்தது. இன்னொன்று சாய்ந்த கதவு. ஒவ்வொன்றாக வரைந்து உள்ளே கறுப்பாக்கினேன். கடைசியில் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால், நடுவில் நான் தொடாத வெள்ளையில் ஒரு நாற்காலி உட்கார்ந்திருந்தது. நான் வரையவே இல்லை, அதுவாக வந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது தாளைச் சுருட்ட மனசு வராமல் மடியில் விரித்தே வைத்திருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. கரண்டி மாட்டும் கம்பியில் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே இருந்த சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

காற்று காலம் தொடங்கிவிட்டது. கணவாய்க் காற்று உடுமலைக்குள் புகுந்துவிட்டால் ஆவணி வரைக்கும் விடாது. துணி காயப்போட்டால் பக்கத்துத் தெருவில்தான் எடுக்க வேண்டும். மேற்கே மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி சாரல்.

எதைப் பார்த்தாலும் அதன் ஓரம்தான் தெரிகிறது. வேப்பமரத்தைப் பார்த்தால் மரம் போய்விடுகிறது, இலைக்கு இலை நடுவில் வானம் நூறு துண்டாக அசைகிறது. ஊருக்கு வெளியே கரண்டு எடுக்கும் காத்தாடிகள் சுற்றும்போது இறக்கையை விட்டு இறக்கைக்கு நடுவே இருப்பதைப் பார்த்தேன். பெரிய பெரிய வானத்துண்டுகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின. தலை சுற்றியது. சுகமான சுற்றல்தான். இத்தனை காலம் உலகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன் போல.

ஜூன் 13, வியாழன்

இவருக்கு என்னைக் குத்திக்காட்டுவதில் இத்தனை ஆசையா? நான் சண்டை போட்டதிலிருந்து வாசலுக்கு வருகிற எல்லாரையும் "வாங்க, வாங்க" என்கிறார். தபால்காரரை வாங்க என்றார். சிலிண்டர் போடுகிறவரை வாங்க என்றார். இன்று காற்றில் பறந்த என் பச்சைச் சீலை கேட்டில் போய்ச் சுற்றிக்கொண்டது. அதையும் பார்த்து "வாங்க" என்றார்.

வசந்தாமணி எதிர்த்திண்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சீலையை வெடுக்கென்று உருவிக்கொண்டு உள்ளே போனேன். ராத்திரிக்கு ரசம் மட்டும்தான் வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

வீட்டிலும் தினம் ஒரு படம் வரைய வேண்டும் என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டு நாற்காலியைத்தான் வரைகிறேன். அதில் இவர் உட்கார்ந்திருப்பது இவர் இஷ்டம்.

முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு முக்கோணம். காதுக்கும் தோளுக்கும் நடுவில் சின்னதாக ஒரு பிறை. மில்லில் ஃபிட்டராக இருந்தபோது இந்தத் தோள் இன்னும் அகலம். இப்போது பிறை பெரிதாகிவிட்டது. இது நாற்காலிக்குத் தேவையில்லாத விவரம், இருந்தாலும் வரைந்தேன்.

ஜூன் 20, வியாழன்

நாற்காலி. இவரோடு. சாப்பிடும்போது டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றிவிட்டு என்னைத் துடைக்க வைத்தார்.

ஜூன் 22, சனி

மறுபடியும் நாற்காலி. இவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். வரைவதற்கு வசதி, ஆள் அசைவதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

முதல் முறையாக என் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருக்கும் வெளிச்சத்தை வரைந்திருந்தேன். ஸ்கேல் வைக்காமல் அத்தனை நேராக வந்ததில் எனக்கே பெருமை. தாளைத் தூக்கி, தள்ளி வைத்து, தலையைச் சாய்த்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி ஏன் நடுவுல வளஞ்சிருக்குது?" என்றார்.

"எங்க வளஞ்சிருக்குது?"

"இங்கதான். அலையாட்டம்." நேரான கோட்டின் மேல் விரலை வைத்தார்.

தாளைப் பிடுங்கிக்கொண்டேன். நல்லா இருக்குது என்று சொல்ல வேண்டாம், சும்மா இருந்திருக்கலாம். கண் பூராவும் வன்மம் இருந்தால் நேர்கோடும் வளைவாகத்தான் தெரியும்.

ஜூன் 29, சனி

கனவில் இந்த வீடு வந்தது. பொருள் ஒன்றுமே இல்லை, பீரோ, கட்டில், அடுப்பு எதுவும் இல்லை. ஆனால் அவற்றுக்கு நடுவில் இருந்த இடங்கள் மட்டும் அப்படியே நின்றன, தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாக. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நான் தினமும் ஒருக்களித்து நுழையும் அந்த இடுக்கு. நாற்காலி இருந்த மூலையில் ஒரு முக்கோணமும் ஒரு பிறையும் மிதந்துகொண்டிருந்தன. ஆளைக் காணவில்லை. பயமாக இல்லை, ஆனால் விழித்தபோது முகமெல்லாம் ஈரம். பக்கத்தில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "சுகந்தி கூப்படறா. ஓசூர் போறேன். பதினாலாந்தேதி பஸ்ஸு."

"எப்ப வருவ?"

"வர்லீங்க. அங்கயே இருக்கறன்."

சுவர்ப் பக்கம் திரும்பினார். "போயிட்டு வா. பாப்பாவப் பாக்கோணும்னு உனக்கும் ஆசைதான்" என்றார். அவ்வளவுதான். ஏன், எதற்கு, நான் என்ன பண்ணுவேன், ஒன்றும் கிடையாது. நான் அழக் கூடாது என்று வைத்திருந்தேன், அழவில்லை. அவர் தடுக்காதது இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நான் இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதற்குள் என் அடுக்களையில் கை வைக்கிறார். வகுப்பிலிருந்து வந்து பார்த்தால் சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, உப்பு டப்பாவுக்கு இரண்டு. மிளகாய்ப்பொடியைத் தனியாக மேல்தட்டில் ஏற்றியிருக்கிறார். தீப்பெட்டியைச் சுவரோரம் ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

"ஏனுங்க இது?"

"இருக்கட்டும். எனக்கு இப்படித்தான் தோது."

நான் போனதும் வாழ்வதற்கு ஒத்திகை. நடக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஹாலுக்கும் பின்வாசலுக்கும் நடந்து பழகுவதையும் பார்த்தேன். யோகாசனமோ என்னவோ. டிவிஎஸ் வண்டிக்கு உறை மாட்டிவிட்டு இனி நடைதான் உடம்புக்கு நல்லது என்று சொன்னவர்தானே.

ஜூலை 9, செவ்வாய்

கடைசி வகுப்பு, எனக்கு. எல்லாப் படத்தையும் கொண்டுவரச் சொல்லி நஸ்ரின் தரையில் பரப்பினாள். இருபது நாற்காலிகள், இருபதிலும் இவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நஸ்ரின் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நல்லா வந்துருக்குதும்மா. சார் எப்பவும் ஒரே பக்கமாப் பாக்கறாரே, அங்க என்ன இருக்குது?"

பார்த்தேன். அவர் மூக்குக்கும் தாளின் ஓரத்துக்கும் நடுவிலிருக்கும் அந்த நீளமான வெற்றிடம் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பார்க்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சுவர். ஒரு ஆணி. பழைய காலண்டர் மாட்டிய தடம்.

ஜூலை 10, புதன்

ராத்திரி அந்தப் படங்களே கண்ணில் நின்றன. காலையில்தான் ஒன்று உறைத்தது. எல்லாவற்றையும் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரையவில்லை. சில நாள் ஜன்னல் பக்கம், சில நாள் அடுக்களை வாசல், ஒரு நாள் மாடிப்படி. அப்படியானால் அவர் ஆணியைப் பார்க்கவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆணிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். "உக்காந்துட்டயா?" என்றார். மெதுவாக முகத்தைத் திருப்பினார். இப்போது எனக்கு இடது பக்கம், பீரோவைப் பார்த்தார். நான் பீரோ பக்கம் நகர்ந்தேன். அவர் பார்வை கதவுக்குப் போயிற்று. நான் நகர்ந்த அளவுக்கு அதுவும் நகர்ந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காதவர் நான் எங்கே இருக்கிறேன் என்று இத்தனை சரியாகத் தெரிந்து வைத்திருப்பானேன்?

பென்சிலைத் தாளில் வைத்தேன். கோடு வரவில்லை. கம்பி வளைந்திருக்கிறது என்றது, பேப்பர் திருப்பாதது, டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியது, ரப்பர் பேண்டு, எல்லாம் ஒன்றாக வந்தன. "தல வலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

சோதித்துப் பார்த்தேன். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

"உள்ளே சித்த நேரம் படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே, அண்ணன் நின்ற இடத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. காற்று ஓ என்று அடித்துக்கொண்டிருந்தது, செருப்புச் சத்தம் கேட்டிருக்காது. இவர் வாசல் நாற்காலியில் இருந்தார். தலையைத் தூக்கி நேருக்கு நேர் என்னைப் பார்த்தார். கண்ணோடு கண். எத்தனையோ மாசம் கழித்து என்னை நேராகப் பார்த்தார்.

"வாங்க, வாங்க" என்றார். எழுந்து வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு, உள்ளே திரும்பி, "துளசி, யாரோ வந்துருக்காங்க பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"நீயா?"

"நாந்தானுங்க."

"ஏன் புள்ள அங்க நிக்கற? வா."

உள்ளே வந்து படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார், கையால் படியைத் தடவிப் பார்த்துவிட்டு.

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னாலயே. நடுவுல ஒரு அழுக்காட்டம். எங்க பாக்கறனோ அந்த எடம் மட்டும் தெரியறதில்ல. சுத்தியும் தெரியுது. கண்ணாடிக் கடையில ரெண்டு தடவ மாத்திப் பாத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னான். போனா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லீருவாங்களோன்னு இருந்துட்டேன்."

"அண்ணன் வந்தது..."

"சத்தியமாத் தெரியல. ஒரு வார்த்த பேசியிருந்தா கொரல வெச்சுக் கண்டுபுடிச்சிருப்பேன். நீ சண்ட போட்ட பொறவுதான் ஆரோ வந்துருக்காங்கன்னே தெரிஞ்சுது. இனிமே ஆரையும் விட்டறக் கூடாதுன்னு கேட்டுல எது அசஞ்சாலும் வாங்கன்னேன்."

என் பச்சைச் சீலை ஞாபகம் வந்தது. அன்றைக்கு வெறும் ரசம் ஊற்றினேன், பேசாமல் சாப்பிட்டார்.

"அப்ப எம் மொகத்தப் பாக்காம செவுத்தப் பாத்தீங்களே."

"உன்னப் பாக்கறதுக்குத்தான் செவுத்தப் பாத்தேன். நேராப் பாத்தா நீ காணாமப் போயிருவ. இப்படிச் சித்த தள்ளிப் பாத்தா ஓரத்துல வருவ."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ ஓசூர் போக மாட்ட."

நான் போவதற்காகத்தான் டப்பாக்களுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நடந்து பழகிக்கொண்டிருந்திருக்கிறார். திட்டினேன். ஆத்திரம் தீருமட்டும் திட்டினேன். பிறகு பையிலிருந்த என் சீலைகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினேன். ஒன்றும் சரியாக மடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஓசூர் பஸ் போய்விட்டது. சுகந்தியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதாள், நான் அதட்டினேன்.

ஜூலை 16, செவ்வாய்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இவர் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடுவுல வளஞ்சு ஒரு எடம் காணோமுங்க" என்றார். எனக்கு அந்த ஜன்னல் படம் ஞாபகம் வந்தது. நான் தாளைப் பிடுங்கிய வேகமும்.

வலது கண்ணில் நடுப்பார்வை போனது போனதுதான். இடது கண்ணுக்கு ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் மீளவும் கூடும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை. கண்ணுக்குள்ளே ஊசி என்றதும் நான் எழுந்துவிட்டேன். இவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதல் ஊசி போட்டாயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஜன்னலுக்கு வெளியே காத்தாடிகள் மங்கலாகச் சுற்றிக்கொண்டே வந்தன.

ஜூலை 21, ஞாயிறு

வசந்தாமணியை அனுப்பித்தான் அண்ணனுக்குச் சொல்லச் சொன்னேன், போனை எடுத்தால்தானே. இன்று வந்தார். நான் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். வழக்கம் விடுமா, வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாப்ள, நாந்தான், தங்கமுத்து வந்துருக்கறன்" என்று தெருவே கேட்க முதலில் அவரே சொன்னார்.

"வாங்க மச்சான், வாங்க வாங்க" என்று இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். அண்ணன் புது வீட்டைப் பற்றி ஒவ்வொரு அறையாகச் சொன்னார், இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் பலகாரம் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 26, வெள்ளி

வகுப்பு நின்றுவிடவில்லை. இன்று முகம் வரைய வேண்டுமாம். கண், மூக்கு என்று போடக் கூடாது, முகத்தைச் சுற்றி இருப்பதைப் போட வேண்டும் என்று நஸ்ரின் சொன்னாள். அதற்கு ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறார் என்றேன்.

சாயங்காலம் சாரல் விட்டு மஞ்சளாக வெயில் வந்தது. இவரை நாற்காலியில் உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்க பாக்கட்டும்?" என்றார்.

"என்னப் பாருங்க" என்றேன்.

முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். நான் வரையத் தொடங்கினேன்.